மின்கலம் தெரிதல்

(சங்க ஆண்டு விழாவின் அறிவியல் அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இயலும் இசையும் கூத்தும் முழங்கும் இவ்விழா மேடையில், ஈயத்தையும் கந்தகக் காடியையும் பற்றிப் பேசுவதற்கு அரைமணி நேரம் ஒதுக்கித் தந்த விழாக் குழுவினரின் துணிவை முதற்கண் பாராட்டுகிறோம். பொருள் வறண்டது என்று கருதிக் காப்பி அருந்த எழுவோர் சற்றே அமர்க. இப்பொருள் உங்கள் வீட்டு மாடிப்படியின் கீழே, இரண்டு சக்கர வண்டிமேல், தூசு படிந்து அமர்ந்திருக்கும் பொருள். ஒரு மாத வீட்டு வாடகையை ஒத்த விலை கொடுத்து வாங்கி, அதன்பின் ஒருநாளும் திரும்பிப் பாராத பொருள்.

தெரிதல் என்னும் தமிழ்ச் சொல்லுக்கு அறிதல் என்றும் தேர்ந்தெடுத்தல் என்றும் இரு பொருள் உண்டு. மின்கலத்தைப் பொறுத்தவரை இவ்விரண்டும் ஒன்றே. அறியாது தேர்ந்தெடுப்போர் கடைக்காரர் தேர்ந்தெடுத்ததையே வாங்குகின்றனர். 'பேட்டரி' என்று வீட்டிலும் வீதியிலும் வழங்குவதை இங்கே மின்கலம் என்றே குறிப்போம். ஆயினும் எஸ்.பி. சாலைக் கடைத்தெருவில் நின்று மின்கலம் வேண்டும் என்று கேட்டுவிடாதீர்கள். அங்கே பேட்டரி என்றால்தான் கிடைக்கும்.

இந்நகருக்கும் மின்விளக்குக்கும் உள்ள உறவு நெடியது. காவிரி சிவசமுத்திரத்தில் வீழும் இடத்தில் பிறந்த மின்னாற்றல், 1902-ஆம் ஆண்டில் 92 மைல் தொலைவு கம்பிவழிச் சென்று கோலார் தங்கவயலை அடைந்தது. அச்சுரங்கங்களில் உழைத்த நம் தமிழ் மக்கள் எத்தனை ஆயிரவர் என்பதை இவ்வவைக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவர்களின் பேரன் பேத்தியரும் இங்கே அமர்ந்திருக்கக் கூடும். அதே மின்னாற்றல் 1905-ஆம் ஆண்டு ஆகஸ்டு திங்களில் பெங்களூர்த் தெருக்களில் விளக்கேற்றியது. அத்திட்டத்தைத் தொடங்கிவைத்த திவான் சேஷாத்திரி ஐயர், சுரங்கத்துக்கு மின்சாரம் சென்றடையும் முன்பே, 1901-இல் மறைந்தார்.

அன்று தொட்டு இன்றுவரை மாறாத இயல்பு ஒன்று உண்டு. கம்பிவழி வரும் மாற்று மின்னோட்டத்தை அப்படியே சேமித்து வைத்தல் இயலாது. ஏப்ரல், மே திங்களில் மாம்பழ மழை இடியும் சூறையுமாக வந்து, சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தின் கிளையொன்று கம்பிமேல் முறிந்து விழுந்தால், அக்கணமே தெரு முழுவதும் இருள்கிறது. மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக மாற்றி, வேதியாற்றலாக மின்கலத்துள் ஒளித்துவைத்து, வேண்டும்போது மீண்டும் மாற்று மின்னோட்டமாக வெளிக்கொணர்வதே யு.பி.எஸ். அல்லது இன்வெர்ட்டர் எனப்படும் பெட்டியின் தொழில். பெட்டி வாயில்காப்பவன், களஞ்சியம் மின்கலமே. நம் மக்களோ பெட்டியின் நிறத்தையும் அதன் முகப்பு விளக்குகளையும் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டுக் களஞ்சியத்தைக் கடைக்காரரின் விருப்பத்துக்கு விட்டுவிடுகின்றனர்.

பெங்களூரில் குடியிருக்கும் எவருக்கும் 'சம்ப்பு' இன்னதென்று விளக்க வேண்டுவதில்லை. காவிரிக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் நீரைத் தேக்கிவைக்கும் நிலத்தடித் தொட்டி அது. மின்கலம் மின்சாரத்தின் சம்ப்பு என்று கொள்ளுங்கள். தொட்டியின் கொள்ளளவை லிட்டரில் சொல்வது போல, மின்கலத்தின் கொள்ளளவை ஆம்பியர்-மணியில் சொல்கிறோம். கடையில் 'நூற்றைம்பது ஏ.எச்.' என்பார்களே, அதுதான். நீரின் அழுத்தம் போன்றது வோல்ட். குழாயில் பாயும் நீரின் அளவு போன்றது ஆம்பியர்.

ஆனால் இரண்டு இடங்களில் இவ்வுவமை முறிகிறது. அவ்விரண்டு இடங்களில்தான் நம் பணம் வீணாகிறது.

முதலாவது இது. சம்ப்பில் ஆயிரம் லிட்டர் இருந்தால், சொட்டுச் சொட்டாக எடுத்தாலும் எந்திரம் வைத்து இறைத்தாலும் ஆயிரம் லிட்டரே கிடைக்கும். மின்கலம் அவ்வாறன்று. மெல்ல எடுத்தால் நிறையத் தரும். விரைந்து எடுத்தால் குறையத் தரும். பெரும்பாலான மின்கலங்களின்மேல் பொறித்துள்ள 150 என்னும் எண், 20 மணி நேரம் பரப்பி எடுத்தால் கிடைக்கும் அளவு. அதாவது 7.5 ஆம்பியர் வீதம். அதனருகே சி20 என்று சிற்றெழுத்தில் குறித்திருக்கும். சிலவற்றின்மேல் சி10 என்றிருக்கும். 10 மணி நேரத்தில், 15 ஆம்பியர் வீதம், அதே 150-ஐத் தரவல்லது என்பது அதன் பொருள். ஆகவே எண் ஒன்றாயினும் சி10 எனக் குறித்தது உறுதியாகப் பெரியது. இரண்டு கடைகளில் விலை கேட்டு, 'அவன் ஆயிரம் ரூபாய் குறைத்துத் தருகிறான்' என்று மகிழ்வோர் இச்சிற்றெழுத்தைப் பார்த்தபின் மகிழ்க.

இரண்டாவது இது. சம்ப்பை அடிவரை வறளவிட்டால் தொட்டிக்கு ஒன்றும் நேராது. ஈயக் காடி மின்கலத்தை அடிவரை வடியவிட்டால் ஒவ்வொரு முறையும் அதன் ஆயுள் குறைகிறது. ஏன் என்பதைப் பின்னர்க் கூறுவோம். இப்போதைக்கு, மின்கலத்தின் கொள்ளளவில் நூற்றுக்கு அறுபது பங்கே நமக்குரியது, எஞ்சியது மின்கலத்துக்குரியது என்று எண்ணிக் கொள்வது நலம்.

இனிக் கணக்குக்கு வருவோம். இதைத்தான் கடையிலே செய்ய மாட்டார்கள், 'எத்தனை படுக்கையறை?' என்று கேட்டுவிட்டு ஒன்றைச் சுட்டிக்காட்டுவார்கள். அறையை எண்ணுவதால் பயனில்லை. வாட்டை எண்ண வேண்டும். ஒரு நடுத்தர வீட்டில் மின்சாரம் நின்றபோது இயங்க வேண்டியவை 9 வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு, 75 வாட் கூரை விசிறி இரண்டு, இணையப் பெட்டி 12 வாட், தொலைக்காட்சி 60 வாட் என்று கொள்வோம். விளக்குகள் 36, விசிறிகள் 150. யாவும் கூடி 258 வாட். மூன்று மணி நேரம் தாங்க வேண்டுமெனில் 774 வாட்-மணி. பெட்டியே தன் பங்காக ஐந்தில் ஒன்றை வெப்பமாக்கி விழுங்கிவிடும் ஆதலின், மின்கலம் தரவேண்டியது ஏறக்குறைய 967. அறுபது விழுக்காடே நமக்குரியது என்ற நெறிப்படி மின்கலத்தின் முழு அளவு ஏறக்குறைய 1612 வாட்-மணி இருத்தல் வேண்டும். 12 வோல்ட்டால் வகுத்தால் 134 ஆம்பியர்-மணி. கடையில் கிடைப்பவற்றுள் 150 பொருந்தும்.

இப்போது ஒன்று செய்து பாருங்கள். அவ்விரண்டு பழைய விசிறிகளையும் கழற்றிவிட்டு, 30 வாட்டில் சுழலும் புதுவகை விசிறிகளை மாட்டுக. சுமை 258 வாட்டினின்று 168 வாட்டாகக் குறையும். அதே கணக்கை மீண்டும் போட்டால் 88 ஆம்பியர்-மணிக்குள் வரும். நூறு ஆம்பியர்-மணி மின்கலமே போதும். ஆண்டு முழுவதும் மின்கட்டணமும் குறையும். பெரிய மின்கலம் வாங்குவதற்கு முன் சிறிய விசிறி வாங்குக என்பது நம் துணிபு. விசிறி விற்பவரிடம் நாம் கூலி ஏதும் பெறவில்லை.

இக்கணக்கு விசிறிக்காகவும் தொலைக்காட்சிக்காகவும் மட்டும் வேண்டுவது என்றால் இத்துணை வற்புறுத்த மாட்டோம். 2021-ஆம் ஆண்டு ஏப்ரல், மே திங்களில் பெருந்தொற்றின் இரண்டாம் அலை இந்நகரை உலுக்கியபோது, நம் குடியிருப்பில் பல வீடுகளில் உயிர்வளி செறிவூட்டும் எந்திரங்கள் வந்து இறங்கின. மருத்துவமனையில் இடமில்லை, வீடே மருத்துவமனை. ஒரு வீட்டில் எழுபது வயது கடந்த பெரியவர் அவ்வெந்திரத்தின் துணையால் மூச்சுவிட்டுக் கொண்டிருந்தார். எந்திரம் 350 வாட். வீட்டில் 150 ஆம்பியர்-மணி மின்கலம் இருந்தது. வாங்கி நான்கு ஆண்டுகள். மருமகன் படித்தவர். நூற்றைம்பதைப் பன்னிரண்டால் பெருக்கினார், 1800. அதை 350-ஆல் வகுத்தார், ஐந்து. 'கவலை வேண்டா மாமா, ஐந்து மணி நேரம் தாங்கும்' என்றார். ஒரு மாலைப் பொழுதில் காற்றும் மழையும் வந்து மின்சாரம் நின்றது. நாற்பதாவது நிமிடத்தில் பெட்டி ஓலமிட்டது. ஐம்பதாவது நிமிடத்தில் எந்திரம் நின்றது.

எதிர்வீட்டில் ஓர் உயிர்வளி உருளை இருந்ததால் பெரியவர் பிழைத்தார். மருமகன் போட்ட பெருக்கலிலும் வகுத்தலிலும் பிழை இல்லை. ஆனால் மின்கலத்தின்மேல் உள்ள எண்ணை அவர் சம்ப்பின் லிட்டர் போல நம்பினார். 350 வாட் வேண்டுமெனில் பெட்டியின் இழப்பும் சேர்ந்து மின்கலத்தினின்று ஏறக்குறைய 36 ஆம்பியர் பாய வேண்டும். 7.5 ஆம்பியர் வீதத்துக்குச் சொன்ன கொள்ளளவு 36 ஆம்பியர் வீதத்தில் கிடைக்காது. புத்தம் புதிய மின்கலமே மூன்று மணி நேரத்தை எட்டுவது அரிது. நான்கு ஆண்டு நீர் ஊற்றாது, பார்க்காது கிடந்த மின்கலத்தில் எத்துணை எஞ்சியிருக்கும்?

ஆதலின் உயிர் தாங்கும் கருவி எதுவாயினும், அதனை இயக்கும் வீட்டார் மூன்று செய்திகளை இன்றே மனத்திற் கொள்க. கருவியின் வாட்டைக் கருவியின் பின்புறத் தகட்டிலே பார்த்தறிக. நோயாளி அதனைச் சாராத நேரத்தில், முதன்மைச் சொடுக்கியை அணைத்து, அக்கருவியைத் தனியே ஓட்டிக் கடிகாரத்தைப் பார்த்துத் தாங்கும் நேரத்தை அளந்து, கண்ட நேரத்தில் பாதியையே நம்புக. மின்கலம் எவ்வளவு பெரிதாயினும் உருளை ஒன்றை நிரப்பி அருகே வைக்காமல் இராதீர்.

கணினிக்கு அடியில் வைக்கும் சிறு யு.பி.எஸ். பெட்டியிலும் இதே மயக்கம் உண்டு. அதனுள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மூடுகலம். 84 வாட்-மணி, 150 வாட் கணினியை அரைமணி ஓட்டலாம் போலத் தோன்றும். உண்மையில் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களே. அது வேலையைத் தொடர்வதற்கன்று. எழுதியதைச் சேமித்துவிட்டு முறைப்படி அணைப்பதற்கு. பிள்ளைகள் இணையவழித் தேர்வெழுதும் வீட்டார் இதனை நினைவிற் கொள்க. 'அப்பெட்டிக்கே ஒரு பெரிய மின்கலத்தை வெளியிலிருந்து பூட்டிவிட்டால் என்ன?' என்று இளைஞர் சிலர் கேட்கின்றனர். அதனுள் இருக்கும் மின்னேற்றி சிறியது. பெரிய கலத்தை நிரப்ப அதற்கு நாட்கணக்கில் ஆகும். சில நிமிடங்களுக்கென்றே அமைத்த உறுப்புகள் மணிக்கணக்கில் ஓடி வெந்துபோகவும் கூடும்.

இனி மின்கலத்தின் வகைகளைக் காண்போம். பிரான்சு நாட்டுக் கஸ்தோன் பிளாந்தே என்பார் 1859-இல் ஈயத் தகடுகளைக் காடியில் அமிழ்த்தி முதன்முதலாக மீண்டும் மீண்டும் மின்னேற்றக் கூடிய கலத்தைச் செய்தார். இன்றும் நம் வீட்டில் உள்ளது அதன் வழித்தோன்றலே. ஓர் அறைக்கு 2 வோல்ட். ஆறு அறைகள் தொடர்ந்து 12 வோல்ட். ஒரு தகட்டில் ஈய ஈராக்சைடு, மறு தகட்டில் பஞ்சுபோன்ற ஈயம், இடையே நீர் கலந்த கந்தகக் காடி. மின்சாரம் வெளியேறும்போது காடியிலுள்ள கந்தகப் பகுதி இரு தகடுகளிலும் படிந்து ஈய சல்பேட்டு ஆகிறது. காடி நீர்த்துப் போகிறது. மின்னேற்றும்போது அச்சல்பேட்டு கரைந்து பழைய நிலை மீள்கிறது. வடிந்த நிலையில் நாட்கணக்கில் விட்டுவிட்டாலோ, மென்மையாகப் படிந்த சல்பேட்டு கெட்டிப் பளிங்காக இறுகி, பின்னர் எத்துணை மின்னேற்றினும் கரையாது. அடிவரை வடியவிடலாகாது என்று முன்னர்க் கூறியதன் காரணங்களுள் இதுவே தலையாயது.

காரில் இருக்கும் மின்கலம் மெல்லிய தகடுகள் பலவற்றைக் கொண்டது. சில நொடிகள் பெருமின்னோட்டம் தந்து எந்திரத்தைக் கிளப்புவதே அதன் கடமை. அதனை வீட்டு இன்வெர்ட்டரில் பூட்டுவது, ஓட்டப் பந்தயக்காரனை மூட்டை சுமக்க அனுப்புவது போலாம். சில திங்களில் துவண்டுவிடும். வீட்டுக்குரியது 'டியூபுலர்' எனப்படும் குழாய்த்தகட்டு மின்கலம். அதன் நேர்த்தகட்டில் ஈயக் கம்பிகளைச் சுற்றி மருந்தை நெய்த உறைக்குள் அடைத்திருப்பர். ஆதலின் நாள்தோறும் வடிந்து நிரம்பினாலும் மருந்து உதிர்வதில்லை. உயரமான வடிவம் நல்லது. காடி மிகுதியாகக் கொள்ளும், நீர் ஊற்றும் இடைவெளியும் நீளும். மூன்றாவது, நீர் ஊற்ற வேண்டாத மூடுகலம். அறைக்குள் வைக்கவும் சிறு பெட்டிகளுக்கும் ஏற்றது. ஆயினும் வெப்பத்தையும் மிகை மின்னேற்றத்தையும் பொறுக்காது.

நான்காவது லித்தியம். 2019-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு, குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவருக்கு இதன்பொருட்டே வழங்கப்பெற்றது. அப்போது தொண்ணூற்றேழு வயதான குட்இனஃப் அவர்களுக்காக ஸ்டாக்ஹோம் நகரில் நோபல் உரையை நிகழ்த்தியவர் யார் தெரியுமா? தென்தமிழகத்துச் சிற்றூரில் பிறந்து, மதுரையில் பயின்று, சென்னை ஐ.ஐ.டி.யில் ஆய்வுப் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம் அவர்கள்! நம் காரைக்குடியிலோ, வள்ளல் அழகப்பச் செட்டியார் ஈந்த நிலத்திலும் பொருளிலும், 1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறந்துவைத்த நடுவண் மின்வேதியியல் ஆய்வகம் மின்கல ஆய்வை நடத்தி வருகிறது. மின்கலம் தமிழனுக்கு அயலான பொருள் என்று இனி எவரும் கூற வேண்டா.

லித்தியத்திலும் பல வகை. வீட்டுக்குத் தக்கது லித்தியம்-இரும்பு-பாஸ்பேட்டு. ஓர் அறை 3.2 வோல்ட், நான்கு சேர்ந்து 12.8. அதன் கொள்ளளவில் எண்பது விழுக்காட்டை அச்சமின்றிப் பயன்படுத்தலாம் ஆதலின், மேற்சொன்ன 258 வாட் வீட்டுக்கு நூறு ஆம்பியர்-மணியே போதும். எடை மிகக் குறைவு; நீர் வேண்டா; இரண்டாயிரம் முறைக்கு மேல் வடிந்து நிரம்பும்; ஈயக் கலத்தைப் போல எப்போதும் நிரம்பியே இருக்க வேண்டும் என்னும் பிடிவாதமும் அதற்கு இல்லை. விலை கூடுதல்தான். நாள்தோறும் மின்தடை உள்ள இடத்தில் அவ்விலை சில ஆண்டுகளில் ஈடாகும். திங்களுக்கு இருமுறை அரைமணி மின்தடை உள்ள தெருவில் ஈடாகுமா என்பது ஐயமே. பழைய இன்வெர்ட்டரில் அப்படியே பூட்டிவிடுதல் கூடாது. ஈயத்துக்கென அமைத்த மின்னேற்று முறை லித்தியத்துக்குப் பொருந்தாமற் போகலாம். பெட்டியில் லித்தியத்துக்கான அமைப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். கலத்தினுள் காவற்சுற்று உண்டா என்றும் கேட்க வேண்டும். பழைய மின்வண்டிகளினின்று கழற்றிய அறைகளைக் கோத்து, புது உறையிட்டு மலிவாக விற்போரும் உளர். பிற லித்தியம் வகைகளினும் இஃது வெப்பத்தை நன்கு தாங்கும் என்பது உண்மை. எரியவே எரியாது என்று எவரேனும் கூறினால் நம்ப வேண்டா.

வாங்கும்போது உத்தரவாதச் சீட்டையும் படிக்க வேண்டும். 'அறுபது திங்கள்' என்று பெரிதாக அச்சிட்டு, அடியில் முப்பத்தாறும் இருபத்து நான்கும் எனப் பிரித்திருப்பர். முதற்பகுதியில் கெட்டால் வேறு கலம் தருவர். பிற்பகுதியில் கெட்டால், புதியது வாங்கும்போது விலையில் ஒரு பங்கு தள்ளுபடி, அவ்வளவே. உற்பத்தி செய்த திங்களையும் பார்த்து வாங்குக. கடையில் மின்னேற்றமின்றி ஓராண்டு கிடந்த கலம் வீட்டுக்கு வரும்போதே முதியது. இரண்டு கலங்களைத் தொடர்ந்து பூட்டி 24 வோல்ட்டாக இயக்கும் வீட்டார், ஒன்று பழுதானால் ஒன்றை மட்டும் மாற்றிச் சிக்கனம் செய்ய முற்படுகின்றனர். இளங்காளையையும் கிழக்காளையையும் ஒரே நுகத்தில் பூட்டி உழுதவர் இங்கே பலர் இருக்கக் கூடும். வண்டி எந்தப் பக்கம் இழுக்கும் என்பதை அவர்களே கூறுவர்.

மின்கலம் சாகும் வகை பல. நம் குடியிருப்பில் மிகுதியாக நாம் கண்டது கோடை விடுமுறைச் சாவு. பள்ளி மூடியதும் குடும்பத்தோடு ஊருக்குப் புறப்படுகிறோம். பாதுகாப்புக்கென்று முதன்மைச் சொடுக்கியை அணைத்துவிட்டுச் செல்கிறோம். இன்வெர்ட்டரை அணைக்க மறந்துவிடுகிறோம். வீட்டில் ஒரு விளக்கும் எரியாவிடினும் அப்பெட்டி தன்னை விழிப்பாக வைத்துக்கொள்ளவே பத்துப் பதினைந்து வாட் உண்ணும். ஒரு வாரத்தில் 150 ஆம்பியர்-மணி காலி. எஞ்சிய ஐந்து வாரமும் வடிந்த கலத்தில் சல்பேட்டு இறுகுகிறது. ஊரிலிருந்து முறுக்கும் கருவாடுமாகத் திரும்பி வந்து பார்த்தால், 'போன ஆண்டு வாங்கியது, கம்பெனி மோசம்!' என்கிறோம். ஊருக்குச் செல்லுமுன் நீரளவைச் சரிபார்த்து, பிற இணைப்புகளை அணைத்து, இன்வெர்ட்டருக்கு மட்டும் மின்சாரம் வருமாறு விட்டுச் செல்க. அது இயலாதெனில் கலத்தை முழுதும் நிரப்பி, பெட்டியையும் அணைத்து, கலத்தின் இணைப்பைத் தேர்ந்தவரைக் கொண்டு கழற்றி வைக்கச் செய்க.

நீர் பற்றி ஒரு சொல். மின்னேற்றத்தின்போது நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வெளியேறும், காடி வெளியேறுவதில்லை. ஆகவே ஊற்ற வேண்டியது காய்ச்சி வடித்த நீர் மட்டுமே. ஒருபோதும் காடி அன்று. காவிரி நீர் குடிக்க இனியது. ஆழ்துளைக் கிணற்று நீர் துணி துவைக்கப் பயன்படும். சமையலறை வடிகட்டியின் நீர் தேநீருக்கு நல்லது. மூன்றும் மின்கலத்துக்கு நஞ்சு. அவற்றில் கரைந்துள்ள உப்பும் இரும்பும் தகட்டை அரிக்கும். இரு திங்களுக்கு ஒருமுறை மிதவைக் காட்டியைப் பார்த்து, குறித்த கோடு வரை ஊற்றுக. வழிய வழிய ஊற்றினால் மின்னேற்றத்தின்போது காடி பொங்கித் தரையை அரிக்கும்.

வெப்பத்தைப் பொறுத்தவரை இந்நகரத்தார் பேறு பெற்றவர். 25 பாகை செல்சியசுக்கு மேல் பத்துப் பாகை உயர்ந்தால் ஈயக் கலத்தின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியியலார் கொள்ளும் நெறி. சென்னையில் வாழும் நம் உறவினர் வீட்டு மின்கலத்தினும் நம் மின்கலம் நெடுநாள் வாழ்வதற்குக் கடை காரணம் அன்று. கடல்மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் உயரம் காரணம். ஆயினும் 2016 ஏப்ரலில் இங்கேயும் 39.2 பாகை கண்டோம். மேற்கு வெயில் படும் பால்கனியில் தகரப் பெட்டிக்குள் அடைத்து வைத்தால் பெங்களூரின் குளிர்ச்சியால் பயனில்லை. நிழலில் வைக்க வேண்டும், காற்றோட்டமும் வேண்டும். வெளியேறும் ஹைட்ரஜன் காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தால் ஒரு பொறியில் வெடிக்க வல்லது. பூசையறையை ஒட்டிய மூடிய அலமாரியில் மின்கலத்தை வைத்துள்ள வீடுகளை நாம் அறிவோம், அருகே குத்துவிளக்கு! அதனை வேறிடம் மாற்றாமல் அடுத்த கார்த்திகையைக் கொண்டாட வேண்டா.

தாய்மார்களுக்குத் தனியே ஓர் எச்சரிக்கை. மின்கலத்தின் இரு முனைகளுக்கு இடையே உள்ளது 12 வோல்ட்டுத்தான், தொட்டால் உதறாது. ஆனால் நீர் ஊற்றக் குனியும்போது தாலிக்கொடியோ வளையலோ இரு முனைகளையும் ஒருசேரத் தொட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து பொன் செந்தணலாகும். கொடியைச் சேலைக்குள் செருகிக் கொண்டு குனிக. ஆடவர் மோதிரத்துக்கும் கைக்கடிகாரத்துக்கும் இதுவே விதி.

பழைய மின்கலம் என்ன ஆகிறது? 'எக்ஸ்சேஞ்சு' என்று கூறி விலையில் ஒரு தொகை குறைக்கின்றனர். அதனினும் இருநூறு ரூபாய் மிகுதியாகத் தருவதாகத் தெருவில் பழைய இரும்பு வாங்குவோர் அழைக்கின்றனர். அந்த இருநூறு ரூபாய் எங்கிருந்து வருகிறது? சட்டப்படி இயங்கும் உலைக்கு அனுப்பாமல், ஊர்ப்புறத்தில் கலத்தை உடைத்து, காடியை மண்ணில் கொட்டி, திறந்த அடுப்பில் ஈயத்தை உருக்குவோர் உள்ளனர். அவர்களுக்குக் காவற்செலவு இல்லை. அப்புகையை உண்பவர் அங்கே வாழும் குழந்தைகள். குழந்தையின் குருதியில் ஈயம் இவ்வளவு இருக்கலாம் என்று கூறத்தக்க தீங்கற்ற அளவு ஒன்றும் இல்லை என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கூற்று. மூளை வளர்ச்சியையே அது குன்றச் செய்யும். 2022-ஆம் ஆண்டு நடுவண் அரசு வகுத்த மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளரைச் சார்ந்தது. அதனைப் பிற குப்பையோடு சேர்க்காது உரிய இடத்தில் ஒப்படைத்தல் நம் பொறுப்பு. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, ரசீதில் அதனைக் குறித்து வாங்குக.

இறுதியாக ஓர் அறிவிப்பு. காடியின் ஒப்படர்த்தியைக் காட்டும் கண்ணாடி அடர்த்திமானி ஒன்றைச் சங்க நூலகத்தில் வாங்கி வைத்துள்ளோம். ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் நண்பகல் வரை, பதிவேட்டில் பெயரெழுதி எடுத்துச் செல்லலாம். நன்கு மின்னேற்றிய குழாய்த்தகட்டுக் கலத்தில் 1.240 அளவில் நிற்கும், 1.150-க்குக் கீழெனில் கலம் பெரிதும் வடிந்துள்ளது. ஆறு அறைகளில் ஒன்று மட்டும் மற்றவற்றினும் 0.030 அளவு தாழ்ந்திருந்தால் நோய் அவ்வறையில்தான். உத்தரவாதக் காலம் முடியுமுன் கடைக்கு எடுத்துச் செல்க. கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் அணிந்து பயன்படுத்துக. திருப்பித் தரும்போது காய்ச்சி வடித்த நீரில் அலசித் தருக. சென்ற திங்கள் ஒருவர் காடி சொட்டச் சொட்டக் கொண்டுவந்து வைத்ததில், பதிவேட்டின் இரண்டு பக்கங்கள் ஓட்டையாகிவிட்டன.